டிஜிட்டல் வானொலி யாருக்கு?

தஞ்சைத் தரணியில் வயதான குடியானவர்களைக் கேட்டால் "ரேடியோ நெல்" என்று ஒரு நெல்லைச் சொல்வார்கள். ஆடுதுறை 27 என்பது அதன் சர்க்கார் பெயர். 1960களில் திருச்சி வானொலியில் அந்த ரகத்தைப் பற்றிக் கேட்டுத்தான் விவசாயிகள் அதை நட்டார்கள். பெயரும் அப்படியே நிலைத்துவிட்டது.

இதில் ஒரு பாடம் இருக்கிறது. வானொலியின் பலம் நிலையத்துக் கோபுரத்தில் மட்டும் இல்லை. கேட்பவன் கையில் உள்ள மலிவான பெட்டியிலும் இருக்கிறது. பெட்டி இல்லையேல் கோபுரம் வெறும் இரும்பு!

இப்போது டிஜிட்டல் வானொலி பற்றிப் பேச்சு அடிபடுகிறது. அகில இந்திய வானொலி டி.ஆர்.எம். என்ற முறையைத் தேர்ந்தெடுத்து, நாடெங்கும் 35 மத்திய அலை டிரான்ஸ்மிட்டர்களை நிறுவியது. சென்னையும் அதில் ஒன்று. விஞ்ஞானத்தை நாம் பழிக்கவில்லை. இந்த முறையில் கரகரப்பு இல்லை. ஒலிபரப்புக்கு மின்சாரம் குறைவாகச் செலவாகும். ஒரே அலைவரிசையில் இரண்டு மூன்று நிகழ்ச்சிகளை அனுப்பலாம். புயல் எச்சரிக்கையை எழுத்திலும் காட்டலாம். நல்லதுதான்.

ஆனால் பெட்டி எங்கே? மலிவு விலையில் பெட்டி கிடைக்காததே பெருங்குறை என்பதைத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமே 2018ஆம் ஆண்டுப் பரிந்துரைகளில் ஒப்புக்கொண்டது. டி.ஆர்.எம். ரேடியோ பெருவாரியாகப் போய்ச் சேர்ந்த இடம் எது தெரியுமா? புதிய கார்கள்! ஜனங்களின் வரிப்பணத்தில் எழுந்த டிரான்ஸ்மிட்டரின் தெளிவான குரல் கார் வைத்திருப்பவன் காதுக்குக் கேட்கிறது. நடவு நடும் பெண்ணுக்கும், இரவு ஷிப்டு முடிந்து திரும்பும் மில் தொழிலாளிக்கும் கேட்கவில்லை. 2025 அக்டோபரில் தனியார் வானொலிக்காக ஆணையம் தந்த பரிந்துரைகளிலும் முதல் வரிசையில் நிற்பவை பெருநகரங்களே.

தரம் என்கிறார்களே, அதையும் பார்ப்போம். பழைய ரேடியோவில் அலை பலவீனமானால் இரைச்சலோடாவது குரல் கேட்கும். காதைத் தீட்டிக் கேட்டுக்கொள்ளலாம். டிஜிட்டலில் அலை ஓர் அளவுக்குக் கீழே போனால் ஒரேயடியாக ஊமையாகிவிடும். நிலையத்துக்குத் தொலைவில் உள்ள கிராமத்தான்தான் முதலில் இழப்பான்.

பிரிட்டனில் பி.பி.சி. 1995லேயே டிஜிட்டல் ஒலிபரப்பைத் தொடங்கியது. பிறகு நடந்தது என்ன? ஒரே தடத்தில் மேலும் மேலும் நிலையங்களைத் திணித்தார்கள். விநாடிக்கு 64 கிலோபிட், 80 கிலோபிட் என்று ஒலியைச் சுருக்கினார்கள். பல நிலையங்கள் ஸ்டீரியோவையே கைவிட்டன. எண்ணிக்கை பெருகியது, தரம் தேய்ந்தது. நார்வேயில் 2017ஆம் ஆண்டு ஜனவரி முதல் டிசம்பர் வரை, பகுதி பகுதியாகத் தேசிய எப்.எம். ஒலிபரப்பை நிறுத்தினார்கள். வீட்டுக்கும் காருக்கும் ஜனங்கள் தம் கைக்காசைப் போட்டுப் புதுப் பெட்டி வாங்க வேண்டியதாயிற்று. வருமானம் மிகுந்த நாடு, சமாளித்தது. நம் கூலிக்காரன் எப்படிச் சமாளிப்பான்?

"செல்போன் இருக்கிறதே, அதில் கேட்கலாமே" என்பார்கள் சிலர். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது நாகை, திருவாரூர், தஞ்சை, புதுக்கோட்டை ஜில்லாக்களில் மின்கம்பங்கள் சாய்ந்தன. பல ஊர்கள் நாட்கணக்கில் இருளில் கிடந்தன. செல்போன் கோபுரங்கள் செயலிழந்தன. அந்த நேரத்தில் டேட்டாவுக்குக் காசு கட்டியவனுக்கும் செல்போன் பயன்படவில்லை. இரண்டு பாட்டரிக் கட்டை போட்ட டிரான்ஸிஸ்டருக்குக் கம்பமும் வேண்டாம், பக்கத்தில் கோபுரமும் வேண்டாம். தொலைவிலுள்ள நிலையம் ஒன்று பேசினால் போதும். ஆகவே இது பாட்டுக் கேட்கும் பிரச்னை மட்டும் அல்ல, உயிர்ப் பிரச்னை.

எனவே நாம் கேட்பது இதுதான். ஒரு நாள் கூலிக்குள் அடங்கும் விலையில், பாட்டரியில் ஓடும் டிஜிட்டல் பெட்டி கடைத்தெருவுக்கு வரட்டும். அது கிராமம் கிராமமாகச் சேரும்வரை மத்திய அலையிலும் எப்.எம்.மிலும் பழைய ஒலிபரப்பை நிறுத்தக் கூடாது. ஒலியின் தரத்துக்குக் குறைந்தபட்ச அளவை விதித்து, அதற்குக் கீழே எந்த நிலையமும் போகாதபடி தடுக்க வேண்டும்.

காற்று எல்லோருக்கும் பொது. அதில் வரும் குரலும் எல்லோருக்கும் கேட்க வேண்டும்!