1.8 வோல்ட் விவகாரம்

கம்ப்யூட்டர் செத்தாலும் அதன் வயிற்றிலிருக்கும் தகரப் பெட்டி அத்தனை சுலபத்தில் சாவதில்லை. தில்லி கரோல் பாக்கின் கஃபார் மார்க்கெட்டில் ரிப்பேர் மேஜைக்குப் பின்னால் உட்காரும் யாருக்கும் இது தெரியும். 'எஸ்எம்பிஎஸ்' என்று நாடெங்கும் அழைக்கப்படும் அந்த மின்வழங்கியின் மஞ்சள் கம்பியில் 12 வோல்ட், சிவப்பில் 5, ஆரஞ்சில் 3.3. பச்சைக் கம்பியைக் கறுப்போடு சேர்த்தால் கம்ப்யூட்டர் இல்லாமலே ஓடும்.

'ஹாம்' எனப்படும் அமெச்சூர் வானொலிக்காரர்களுக்கு இந்தப் பெட்டி மீது எப்போதும் ஒரு கண். சிக்கல், அவர்களுக்கு வேண்டியது 13.8 வோல்ட். அவர்களுடைய கருவிகள் காரை மனதில் வைத்து வடிவமைக்கப்பட்டவை. என்ஜின் ஓடும்போது கார் பேட்டரியில் கிட்டத்தட்ட அந்த அளவுதான் இருக்கும். 100 வாட் கருவி பேசும்போது 20 ஆம்பியர் வரை இழுக்கும். 12 வோல்ட்டில் ஆரம்பித்தால் கம்பியிலேயே கொஞ்சம் கரைந்து, குரல் உடையத் தொடங்கும்.

வெறும் பொழுதுபோக்குதானே என்று தள்ளிவிட முடியாது. 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி தாக்கியபோது போர்ட் பிளேரில் இருந்த ஹாம் பாரதி பிரசாத்தின் குழு, தொலைபேசி முடங்கிய அந்தமானிலிருந்து வெளியுலகுக்குச் செய்தி அனுப்பியது.

மாற்றம் சின்னதுதான். பழைய பெட்டிகள் பலவற்றில் டிஎல்494 அல்லது அதற்கு இணையான கேஏ7500 சிப் இருக்கும். வெளியே போகும் வோல்டேஜில் ஒரு பங்கு, மின்தடைகள் வழியே அதன் முதல் காலுக்குத் திரும்பி வரும். சிப் அதைத் தன் அளவுகோலோடு ஒப்பிடும். தடையின் மதிப்பை மாற்றிவிட்டால் சிப் ஏமாறும். 12 வந்த பிறகும் 'போதவில்லை' என்று நினைத்து மேலே ஏற்றும். அளந்து அளந்து 13.8ல் நிறுத்த வேண்டும். உள்ளிருக்கும் மின்விசிறி மட்டும் உற்சாகமாக வேகமெடுக்கும்.

வம்பு இங்கேதான். எல்லாம் ஒரே டிரான்ஸ்ஃபார்மர் என்பதால் 5 வோல்ட்டும் கூடவே 5.75 ஆகிவிடும். காவல் சுற்று இதைக் கோளாறு என்று கருதிப் பெட்டியை அணைத்துவிடலாம். அவசரக்காரர்கள் காவல் சுற்றையே வெட்டி எறிகிறார்கள். இது முட்டாள்தனம். நாளை ஒரு பற்றுவைப்பு விட்டுப்போனால் வோல்டேஜ் கட்டுமீறி ஏறும். பல ஆயிரம் ரூபாய் ரேடியோ புகையாகும். காவலின் வரம்பைச் சற்று உயர்த்தி வைப்பதே முறை. வெளியீட்டு மின்தேக்கிகள் 16 வோல்ட்டுக்கானவை என்றால் 25 வோல்ட் வகைக்கு மாற்றுவதும் நல்லது.

பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே பெரிய மின்தேக்கிகளில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம். ஆளைக் கொல்ல அது போதும். அனுபவசாலி மெக்கானிக் அதை முதலில் வடியவிட்டு, மீட்டரால் சோதித்த பிறகே கை வைப்பார். மாற்றியதை முதன்முறை ஓட்டும்போது 100 வாட் குண்டு பல்பைத் தொடரில் மாட்டிக்கொள்வார். பல்பு ஒருகணம் மின்னி மங்கினால் சரி. பளிச்சென்று எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே எங்கோ ஷார்ட். மறுபடி ஸ்க்ரூ டிரைவரை எடுக்க வேண்டியதுதான்.