பழைய காரைப் பழுதுபார்க்க நாளை யார் வருவார்? கெடாவில் ஆளில்லாமல் போகும் பட்டறைத் தொழில்

கெடாவின் தோட்டப்புறங்களிலும் சிறு பட்டணங்களிலும் 20, 25 ஆண்டுப் பழைய கார்கள் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. பீடோங், பாடாங் செராய், லூனாஸ், கோல கெட்டில் என எந்த ஊர்க் கோயில் திருவிழாவுக்குப் போனாலும் புரோட்டோன் வீரா, சாகா, பெரோடுவா கஞ்சில் கார்களைப் பார்க்கலாம். அவற்றைப் பழுதுபார்க்கும் கைகள்தாம் குறைந்து வருகின்றன. சிறு பட்டறைகளில் வேலை முழுதாகத் தெரிந்தவர்கள் பெரும்பாலும் வயதில் மூத்தவர்கள். அவர்களுக்குப் பின்னால் வர வேண்டிய இளைஞர்கள் அந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பதில்லை.

'இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு உடம்பு வளையாது' என்று பெரியவர்கள் ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அது முழு உண்மையல்ல. காருக்கு ரிம் மாற்றவும் ஒலிபெருக்கி பொருத்தவும் மாதக்கணக்கில் பணம் சேர்க்கும் இளைஞர்கள் எல்லாத் தாமானிலும் உண்டு. கார் மீது ஆசை குறையவில்லை. கார் பழுதுபார்ப்பதை ஒரு வாழ்க்கைத் தொழிலாக எடுத்துக்கொள்ளும் நம்பிக்கைதான் குறைந்திருக்கிறது. அதற்குக் காரணங்கள் உண்டு.

தோட்டத்தோடு போன பயிற்சி

ஒரு காலத்தில் பெரிய ரப்பர் தோட்டங்களில் லாரி, டிராக்டர், ஜெனரேட்டர் ஆகியவற்றைப் பார்த்துக்கொள்ளச் சொந்தப் பட்டறை இருந்தது. பள்ளி முடிந்து வரும் பையன் அங்கே ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தே தொழிலைக் கற்றான். அங்கே கற்றவர்கள் பிறகு சுங்கை பட்டாணியிலும் கூலிமிலும் சீனத் தவுக்கேக்களிடம் வேலை செய்தார்கள். சிலர் சொந்தமாகப் பட்டறை திறந்தார்கள். சான்றிதழ் இல்லாத தோட்டத்துப் பிள்ளை முதலாளியாவதற்கு இருந்த சில வழிகளில் இதுவும் ஒன்று.

ரப்பர் போய் செம்பனை வந்தது. பல தோட்ட நிலங்கள் வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறின. லயன் வீடுகளில் இருந்த குடும்பங்கள் பட்டணத்து மலிவு விலை வீடுகளுக்கும் அடுக்குமாடிகளுக்கும் குடிபெயர்ந்தன. தோட்டத்தில் வீட்டு வாசல் மரத்தடியில் காரை நிறுத்தி அப்பாவும் மகனும் ஒருநாள் முழுக்க அதைக் கழற்றிப் பூட்டலாம். அடுக்குமாடிக் கார் நிறுத்துமிடத்தில் எண்ணெய் ஒழுகினாலே புகார் வந்துவிடும். கற்றுக்கொள்ளும் இடமே இல்லாமல் போனபின் ஆர்வம் எங்கிருந்து வரும்?

காரும் மாறிவிட்டது

1985இல் புரோட்டோன் சாகாவும் 1994இல் பெரோடுவா கஞ்சிலும் சாலைக்கு வந்தபோது அவை எளிமையான கார்பரேட்டர் கார்கள். எஞ்சின் சத்தத்தைக் கேட்டே கோளாறைச் சொல்லும் மெக்கானிக்குகள் இருந்தார்கள். இன்றைய காரில் சென்சார்களும் கணினியும் எஞ்சினை நடத்துகின்றன. ஸ்கேனர் கருவி இல்லாமல் கோளாறைக் கண்டுபிடிப்பது கடினம். அந்தக் கருவிக்கும் அதன் மென்பொருளுக்கும் செலவு செய்யச் சிறு பட்டறைகள் தயங்குகின்றன.

கார் வாங்கும் முறையும் மாறிவிட்டது. 9 ஆண்டுவரை தவணைக் கடன் கிடைப்பதால், வேலைக்குச் சேர்ந்த சில மாதங்களிலேயே இளைஞர்கள் புதுக்கார் எடுக்கிறார்கள். 2024இல் நாட்டில் 8 லட்சத்துக்கும் மேற்பட்ட புதிய வாகனங்கள் விற்றன. அது அதுவரை இல்லாத சாதனை. தேசியக் கார்களுக்கு 5 ஆண்டு உத்தரவாதம் உண்டு. உத்தரவாதம் கெடக்கூடாது என்பதற்காக உரிமையாளர்கள் நிறுவனத்தின் சேவை மையத்திற்கே போகிறார்கள். ஆக, புதுக்கார் ஓட்டும் இளைஞனுக்குப் பானட்டைத் திறந்து பார்க்க வேண்டிய அவசியமே வருவதில்லை.

சம்பளக் கணக்கு

அடுத்தது சம்பளம். சிறு பட்டறையில் தொழில் பழக வருபவனுக்குப் பல இடங்களில் நாள் கூலிதான். இபிஎப், சொக்சோ இல்லாமல் ஆண்டுக்கணக்கில் வேலை செய்தவர்கள் உண்டு. திட்டும் வசவும் தனி. இன்னொரு பக்கம் 1996இல் தொடங்கிய கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்காவின் தொழிற்சாலைகள் இருக்கின்றன. அங்கே குளிர்சாதன அறையில் வேலை, போக்குவரத்துக்குப் பேருந்து, கூடுதல் நேரச் சம்பளம், மருத்துவ வசதி. பினாங்குத் தொழிற்சாலைகளும் எட்டும் தூரத்தில்தான். கையில் மோட்டார் சைக்கிள் இருந்தால் உணவு விநியோகம் செய்தும் அன்றாடம் காசு பார்க்கலாம். 18 வயது இளைஞன் எதைத் தேர்ந்தெடுப்பான் என்பதில் வியப்பில்லை.

குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட் என்ற உத்தரவு 2025 பிப்ரவரியில் அமலுக்கு வந்தது. ஐந்து பேருக்குக் குறைவாக வேலை செய்யும் சிறு நிறுவனங்களுக்கும் அது அதே ஆண்டு ஆகஸ்டு முதல் பொருந்துகிறது. தொழிலாளிக்கு இது பாதுகாப்பு. ஆனால், வேலை தெரியாத பையனுக்கு இந்தச் சம்பளம் கொடுத்துக் கற்றுத்தர முடியாது என்று தயங்கும் பட்டறைக்காரருக்கு இன்னொரு வழி காட்டப்பட வேண்டும்.

யாருக்கு இழப்பு?

பழைய கார்கள் ஒழியட்டுமே என்று கேட்கலாம். 2026 வரவு செலவுத் திட்டத்தில்கூட, 20 ஆண்டுகளுக்கு மேற்பட்ட காரை அழித்துவிட்டுப் புதிய தேசியக் கார் வாங்குவோருக்கு உதவித்தொகை அறிவிக்கப்பட்டது. புதுக்கார் தவணையைக் கட்டக்கூடிய குடும்பத்துக்கு அது உதவும். வங்கிக் கடன் கிடைக்காத பி40 குடும்பத்துக்கு உதவாது. தோட்டத்து உட்புறத்திலிருந்து சுங்கை பட்டாணி மருத்துவமனைக்கு நோயாளியைக் கொண்டுபோக, நம்பி நிற்கும்படி பேருந்துச் சேவை கிடையாது. அந்தக் குடும்பத்துக்கு வீட்டு வாசலில் நிற்கும் பழைய வீராதான் ஆம்புலன்ஸ்.

இதில் உயிரும் அடங்கியிருக்கிறது. மலேசியாவில் தனியார் கார்களுக்குக் குறிப்பிட்ட கால இடைவெளியில் கட்டாயச் சோதனை கிடையாது. 15 ஆண்டுகளுக்கு மேற்பட்ட கார்களைச் சோதிக்க 2009இல் கொண்டுவரப்பட்ட திட்டமும் பொதுமக்கள் எதிர்ப்பால் கைவிடப்பட்டது. ஆகவே, பழைய கார் பாதுகாப்பாக இருக்கிறதா என்று பார்ப்பவர் ஒருவர்தான்: அடுத்த தெரு மெக்கானிக். பிரேக் எண்ணெய் காலப்போக்கில் ஈரத்தை உறிஞ்சி, சூடேறும்போது பிரேக்கின் பிடியைக் குறைக்கும். பிரேக் ரப்பர் குழாய் வெடிப்பு விடும். டைமிங் பெல்ட் ஓடும்போது அறுந்தால் எஞ்சின் நின்றுவிடும். 2000ஆம் ஆண்டுகளில் வந்த சில ஹோண்டா கார்களின் தக்காதா காற்றுப்பைகள் வெடித்து இந்நாட்டிலும் உயிர்கள் போயிருக்கின்றன. அவற்றை நிறுவனம் இலவசமாக மாற்றித் தருகிறது. கைமாறிக் கைமாறி வந்த காரை ஓட்டுபவருக்கு அது தெரியாமல் இருக்கலாம். விவரமறிந்த மெக்கானிக் ஒருவர் சொல்லிவிட்டால் உயிர் பிழைக்கும்.

தேர்ந்த கைகள் குறைந்தால் அந்த இடத்தை அரைகுறை வேலை நிரப்பும். 'கெடாய் போத்தோங்' கடையில் வாங்கிய பாகத்தை அளவு பார்க்காமல் மாட்டுவது, எச்சரிக்கை விளக்கின் வயரைப் பிடுங்கிவிடுவது போன்றவற்றுக்கு உரிமையாளர் இரண்டு முறை பணம் கொடுக்க நேரிடும்.

வழி இருக்கிறது

இத்தொழிலுக்குச் சான்றிதழ் கிடையாது என்பது தவறான எண்ணம். எஸ்கேஎம் எனப்படும் மலேசியத் திறன் சான்றிதழ் வாகனப் பழுதுபார்ப்புக்கும் உண்டு. சுங்கை பட்டாணி, கூலிம், அலோர் ஸ்டார் ஆகிய ஊர்களில் தொழிற்கல்விக் கல்லூரிகள் இருக்கின்றன. பல ஆண்டு அனுபவம் உள்ள மெக்கானிக், வகுப்பில் உட்காராமலேயே தம் வேலையைச் சான்றுகளோடு காட்டி எஸ்கேஎம் பெற 'பிபிடி' என்ற அனுபவ அங்கீகார முறை உதவுகிறது.

'எஸ்எல்டிஎன்' எனப்படும் தேசிய இரட்டைப் பயிற்சித் திட்டத்தில், பயிற்சியாளர் பெரும்பகுதி நேரம் வேலையிடத்திலும் மீதி நேரம் பயிற்சி மையத்திலும் கற்கிறார். தோட்டப் பட்டறையில் நடந்ததும் இதுதான். இப்போது கையில் சான்றிதழும் கிடைக்கிறது. ஆனால், சிறு பட்டறைக்காரர்கள் பலருக்கு இந்தப் பெயர்களே தெரியாது. பாரங்களை நிரப்பவும் அலுவலகம் ஏறி இறங்கவும் அவர்களுக்கு நேரமும் இல்லை. இந்திய வர்த்தகச் சங்கங்களும் பொது இயக்கங்களும் செய்யக்கூடிய பணி இது. பரிசளிப்பு விழாவுக்குச் செலவாகும் உழைப்பில் ஒரு பகுதியை, பத்து பட்டறைகளை இத்திட்டத்தில் பதிந்து கொடுப்பதில் காட்டலாம்.

மின்சாரக் கார் வந்துவிட்டதே, இனி எதற்கு மெக்கானிக் என்றும் சிலர் கேட்கிறார்கள். மின்சாரக் காருக்கும் பிரேக், டயர், சஸ்பென்ஷன், குளிர்சாதனம் உண்டு. இன்று பழைய காரில் அடிப்படையைக் கற்றவனே நாளை மின்சாரக் காருக்கான பயிற்சிக்கும் தயாராக இருப்பான்.

குரூணில் மோடெனாஸ் மோட்டார் சைக்கிள்களும் கூலிமில் இனோகோம் தொழிற்சாலையில் பி.எம்.டபிள்யூ. கார்களும் தயாராகின்றன. வாகனம் செய்யும் மாநிலத்தில் அதைப் பழுதுபார்க்க ஆளில்லை என்ற நிலை வரக்கூடாது. எஸ்.பி.எம். முடித்த மகன் பட்டறைக்குப் போகிறேன் என்றால் 'உனக்கு வேறு வேலை கிடைக்கவில்லையா' என்று கேட்பதற்கு முன், சான்றிதழும் இபிஎப்பும் தரும் பட்டறை எது என்று பெற்றோர் விசாரிக்கலாம். பட்டறைக்காரர்களும் தங்களிடம் வரும் பையனை எடுபிடியாக நடத்தாமல் நாளைய கைகளாக நடத்த வேண்டும். மூத்த மெக்கானிக்குகள் ஓய்வு பெற இன்னும் சில ஆண்டுகள்தாம் இருக்கின்றன. அவர்களிடம் உள்ள தொழிலைக் கற்றுக்கொள்ளவும் அவ்வளவு காலம்தான் மிச்சம்.