வண்ணத்தின் கீழே துரு



ஒரு தாயின் கடிதம் நம்முன் இருக்கிறது. “இங்கிலாந்தில் பணியாற்றும் என் மகன், பழைய ட்ரயம்ஃப் ஸ்பிட்ஃபயர் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைக் குறைந்த விலையில் வாங்கித் தன் கையாலேயே செப்பனிட விரும்புகிறான். வீட்டின்மேல் நாங்கள் வாங்கிய கடன் இன்னும் தீரவில்லை. அதை அவனிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. காரை வாங்காமல் தடுப்பது எப்படி?” என்று அவர் கேட்கிறார்.

அம்மையீர், அந்த ஆசையைப் பழிக்க வேண்டாம். 1961 முதல் சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரை நம் மூத்தோர் நன்கறிவர். அதன் உடன்பிறப்பே ஸ்பிட்ஃபயர். ஹெரால்டின் அடிச்சட்டத்தைக் குறுக்கி, இத்தாலியரான மிக்கெலோட்டி வரைந்த உடலைப் பொருத்தி, 1962 முதல் 1980 வரை கவென்ட்ரி நகரில் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகளைச் செய்தார்கள். ஆகவே உதிரி பாகங்கள் இன்றும் கிடைக்கின்றன. பானெட் முழுவதும் மட்கார்டுகளோடு சேர்ந்து முன்னோக்கித் திறப்பதால், எஞ்சினைப் பக்கத்தில் நின்றே பழுது பார்க்கலாம். தொழில் பழகுவோனுக்கு ஏற்ற வண்டிதான்.

ஆனால் அதன் பெரும்பகை துரு. குளிர்காலத்தில் அந்நாட்டுச் சாலைகள் உறைந்து வழுக்காதிருக்க உப்புத் தூவுவர். அவ்வுப்புநீர் கதவுகளுக்குக் கீழே நீளும் பெட்டிபோன்ற தகடுகளுக்குள் புகுந்து அரிக்கிறது. ஹெரால்டில் உள்ள பக்கச் சட்டங்கள் ஸ்பிட்ஃபயரில் இல்லை. எனவே உடலுக்கு உறுதி தருபவை இத்தகடுகளே. விற்போர் சிலர் துளைகளைப் பட்டி வைத்து அடைத்து, மேலே பளபளக்க வண்ணம் பூசிவிடுவர். துணி சுற்றிய காந்தத்தை வைத்துப் பார்த்தால், தடித்த பட்டி உள்ள இடத்தில் அது ஒட்டாது. கதவைச் சுற்றியுள்ள இடைவெளி ஒரே சீராக இல்லையெனில், உடல் தொய்ந்திருக்கிறதோ என ஐயுற வேண்டும். முன்சக்கரங்கள் திரும்பும் மூட்டுகளுக்குக் கிரீஸ் அன்று, கியர் எண்ணெயே இட வேண்டும். அதை மறந்தால் மூட்டு முறிந்து சக்கரம் சாய்ந்துவிடும்.

ஆகவே மகனுக்கு இவ்வாறு எழுதுங்கள்: “வண்ணம் மங்கியிருந்தாலும் உடல் உறுதியான வண்டியைத் தேடு. கையிலுள்ளது முழுவதையும் விலையாகக் கொடுத்துவிடாதே. வெல்டிங், பிரேக், டயர் ஆகியவற்றுக்கென்று பாதியையேனும் ஒதுக்கி வை. எல்லாவற்றையும் ஒரே நாளில் பிரித்துப் போடாதே. ஒன்றை முடித்து மற்றொன்றைத் தொடு. வண்ணம் கடைசியில் இருக்கட்டும்.”

அதற்குமுன் மற்றொன்றும் எழுத வேண்டும், அம்மையீர். கடன் எவ்வளவு, தவணை எவ்வளவு என்பதை ஒளிக்காமல் எழுதுங்கள். கோபுரம் கட்டத் தொடங்கி, முடிக்க இயலாமல் நகைப்புக்கு ஆளான மனிதனை ஆண்டவர் நமக்கு எடுத்துக்காட்டினார். செலவைக் கணக்கிடு என்று மகனுக்குச் சொல்லும் நாம், கணக்கின் ஒரு பாதியை அவனிடமிருந்து மறைக்கலாமா? அவன் கலங்கக் கூடாதென்ற அன்பினால்தான் மறைத்தீர்கள். ஆயினும் அதுவும் துருவின்மேல் பூசிய வண்ணமே.

உண்மையை அறிந்த மகன் ஓராண்டு பொறுத்து வாங்கலாம், வாங்காமலும் இருக்கலாம். எதுவாயினும் அது அவன் மனமறிந்து எடுத்த முடிவாக இருக்கும். செப்பனிடும் வேலை முதலில் நம் இல்லத்தில் தொடங்கட்டும்.