முகவரி கேட்காமல் சொட்டு மருந்து: போலியோ ஒழிப்பில் எங்கள் நிலைப்பாடு

முகாம் நாளில் திருவண்ணாமலைக்குள் இருக்கும் ஐந்து வயதுக்குட்பட்ட எல்லாக் குழந்தைகளுக்கும், எந்த ஊர்ப் பிள்ளை என்று கேட்காமல் போலியோ சொட்டு மருந்து கொடுக்க வேண்டும். இங்கே தங்கிப் பிழைக்கும் குடும்பத்தின் குழந்தைக்கு, முகவரிச் சான்று இல்லை என்பதால் எந்தத் தடுப்பூசியும் விட்டுப்போகக் கூடாது. பேருந்து நிலையத்திலும் கிரிவலப் பாதையிலும் மருந்துப் பெட்டியோடு நிற்கும் தன்னார்வலர்களாகிய நாங்கள் இதை எங்கள் நிலைப்பாடாக அறிவிக்கிறோம்.

"தமிழ்நாட்டில்தான் போலியோ இல்லையே, இன்னும் எதற்கு?" என்று ஒவ்வொரு முகாமிலும் யாராவது கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். இந்தியாவில் காட்டு வகைப் போலியோ கிருமியால் கடைசியாக ஒரு குழந்தை பாதிக்கப்பட்டது 2011 ஜனவரி 13 அன்று, மேற்கு வங்கத்தின் ஹவுராவில். தமிழ்நாட்டில் 2004க்குப் பிறகு அப்படி ஒரு பாதிப்பும் இல்லை. 2014 மார்ச் 27 அன்று உலக சுகாதார நிறுவனம் தென்கிழக்கு ஆசிய மண்டலத்துக்கே போலியோ இல்லை என்று சான்று அளித்தது.

ஆனால் இந்தக் கிருமி குடலில் வளர்ந்து, மலத்தில் வெளியேறி, தண்ணீர் வழியாகவும் கழுவாத கை வழியாகவும் அடுத்த குழந்தையின் வாய்க்குப் போகிறது. தொற்றிய பெரும்பாலோருக்கு ஒரு காய்ச்சல்கூட வராது. ஏறத்தாழ 200 பேருக்குத் தொற்றினால் ஒருவருக்குத்தான் கை கால் விளங்காமல் போகிறது. ஒரு பிள்ளையின் கால் தொய்ந்து நாம் விழித்துக்கொள்ளும்போது, எத்தனையோ பேர் அதை அறியாமலே சுமந்து பல ஊர் போய் வந்திருப்பார்கள். ஒவ்வொரு பௌர்ணமிக்கும் 14 கிலோமீட்டர் பாதை நிறைய ஆந்திரா, தெலங்கானா, கர்நாடகம் என்று எங்கிருந்தெல்லாமோ மக்கள் வந்து, ஒரே குழாயில் தண்ணீர் பிடித்து, ஒரே பந்தியில் உட்கார்ந்து எழுந்து போகும் ஊர் இது. அப்படி வருகிறவர்கள் மேல் எங்களுக்கு அச்சமோ குறையோ இல்லை. அவர்கள் வருவதால்தான் இந்த ஊர் பிழைக்கிறது. அவர்களுடைய குழந்தைகளையும் நம் கணக்கில் சேர்க்க வேண்டும் என்கிறோம்.

"நாலு தடவை கொடுத்தாச்சே, மறுபடியும் எதற்கு?" என்று கேட்கும் தாய்மாருக்கான பதில் பக்கத்து வேலூரில் கிடைத்தது. மூன்று தவணை போதும் என்று மேலை நாடுகளின் அனுபவம் சொன்ன காலத்தில், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் டாக்டர் டி. ஜேக்கப் ஜான், மூன்று தவணை போட்டுக்கொண்ட குழந்தைகளும் இங்கே முடங்குவதைக் கண்டார். நம் ஊர்க் குழந்தைகளின் குடலில் அந்த மருந்து அங்கே போலச் சுலபமாக வேர்பிடிப்பதில்லை; அதனால் இங்கே தவணைகள் கூட வேண்டும். ஊர்க் குழந்தைகள் எல்லோருக்கும் ஒரே சமயத்தில் கொடுத்தால் கிருமிக்கு ஒதுங்க இடமிருக்காது என்பதை 1980களில் வேலூர் நகரத்திலேயே செய்து காட்டினார். வட ஆற்காடு மாவட்டத்து மருத்துவர்கள் தாங்கள் பார்த்த நோய்களை அஞ்சலட்டையில் எழுதி அனுப்பும் கண்காணிப்பு முறையையும் அவரும் அவருடைய குழுவினரும் நடத்தினார்கள். 1989இல் பிரியும்வரை திருவண்ணாமலையும் அந்த மாவட்டத்தில்தான் இருந்தது. நாடு முழுவதற்குமான போலியோ முகாம் 1995இல்தான் தொடங்கியது. இந்த வரலாற்றை நம் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கட்டாயம் சொல்ல வேண்டும் என்பது எங்கள் ஆசை.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். சொட்டு மருந்தில் இருப்பது வலுவிழந்த உயிர்க்கிருமி. தடுப்பு மருந்து பெறாத குழந்தைகள் நிறைய இருக்கும் இடத்தில் அது பிள்ளைக்குப் பிள்ளை தாவி, நாளடைவில் மாறி, முடக்கும் வலுவை மீண்டும் பெறுவது உண்டு. 2022இல் நியூயார்க் மாநிலத்திலும் 2024இல் காசாவிலும் கண்டறியப்பட்டது இந்த வகைதான். அதே 2024இல் நம் மேகாலயாவில் ஒரு குழந்தைக்கு வந்ததும் தடுப்பு மருந்திலிருந்து உருவான கிருமியால்தான். மருந்தை நிறுத்துவதால் இது தீராது. விடுபட்ட குழந்தைகளைத் தேடிப்பிடித்தால்தான் தீரும். கேட்கிற தாயிடம் எங்கள் தன்னார்வலர்கள் இதை உள்ளபடி சொல்ல வேண்டும். வேண்டாம் என்று சொல்பவரிடம் மல்லுக்கட்டக் கூடாது. மறுநாள் வீட்டுக்குப் போய்த் திண்ணையில் உட்கார்ந்து பேச வேண்டும்.

முகாமில் விடும் சொட்டு ஊசிக்கு ஈடல்ல என்பதையும் அழுத்திச் சொல்கிறோம். ஆறாவது வாரம், பதினான்காவது வாரம், ஒன்பதாவது மாதம் என மூன்று முறை போடும் போலியோ ஊசியில் இருப்பது செத்த கிருமி. அது மாறவும் முடியாது, பரவவும் முடியாது. சுண்டுவிரலில் மை வைத்ததும் கடமை முடிந்ததென்று ஊசியை விட்டுவிடும் குடும்பங்களைப் பார்க்கிறோம். போன முகாமில், பாதையோரம் பொம்மை விற்கும் ஒரு தாய், ஊசி போடப் போன இடத்தில் "உங்க ஊர்லயே போய்ப் போட்டுக்கோம்மா" என்று திருப்பி அனுப்பிவிட்டதாகச் சொன்னார். எது அவர் ஊர்? திருவிழாவுக்குத் திருவிழா இடம் மாறும் குடும்பம் அது. செங்கல் சூளையிலும் கட்டட வேலையிலும் இருப்பவர்கள், சந்தைக்கும் வேலைக்கும் ஜவ்வாது மலையிலிருந்து இறங்கி வருகிறவர்கள், ஊர் ஊராகப் போய் மணி விற்கும் நரிக்குறவர் குடும்பங்கள் எல்லோருக்கும் இதே சிக்கல்தான்.

1988இல் உலக நாடுகள் கூடிப் போலியோவை ஒழிக்க முடிவெடுத்தபோது, ஆண்டுக்குச் சுமார் 3,50,000 பேரை அது முடக்கிக்கொண்டிருந்தது. அதற்கு மூன்று ஆண்டு முன்பே ரோட்டரி இயக்கம் இந்த வேலையில் இறங்கிவிட்டது. இன்று காட்டு வகைக் கிருமி வேரூன்றியிருப்பது பாகிஸ்தானிலும் ஆப்கானிஸ்தானிலும் மட்டுமே. அங்கே சொட்டு மருந்து கொடுக்கப் போன பெண்கள் சுட்டுக் கொல்லப்பட்டிருக்கிறார்கள். 2021இல் ஒற்றை இலக்கத்துக்கு இறங்கிய பாதிப்பு 2024இல் மறுபடி நூறை நெருங்கியது.

ஆகவே எங்கள் கோரிக்கைகள் இவை. முகாம் நாளில் இந்திர லிங்கம் முதல் ஈசான்ய லிங்கம் வரை, எட்டு லிங்கங்களின் அருகிலும் மருந்து கொடுக்கும் இடம் அமைய வேண்டும். அறிவிப்பு தமிழோடு தெலுங்கிலும் கன்னடத்திலும் ஒலிக்க வேண்டும். பௌர்ணமிக்கு மறுநாள், கூட்டம் கலைந்த பிறகு, பாதையோரக் கடைக் குடும்பங்களைத் தேடிச் செவிலியர் ஒருவர் ஊசிப் பெட்டியோடு வர வேண்டும். கூட வந்து கணக்கெழுதவும் பெட்டி சுமக்கவும் எங்கள் ஆட்கள் தயார். பதினைந்து வயதுக்குட்பட்ட எந்தப் பிள்ளைக்காவது கையோ காலோ திடீரெனத் தொய்ந்தால், தனியார் மருத்துவர்களும் அன்றைக்கே சுகாதாரத் துறைக்குச் சொல்ல வேண்டும். பதினான்கு நாளுக்குள் மல மாதிரி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியாக வேண்டும். விடுதி நடத்துகிறவர்களிடமும் ஆட்டோ ஓட்டும் அண்ணன்மாரிடமும் நாங்கள் கேட்பது ஒன்றுதான்: முகாம் ஞாயிறன்று கைக்குழந்தையோடு யார் வந்தாலும் "சொட்டு மருந்து போட்டாச்சா?" என்று கேளுங்கள், இல்லையென்றால் பக்கத்தில் எங்கே கொடுக்கிறார்கள் என்று கை காட்டுங்கள்.