சிவகாசி அருகே

என் மனைவியின் செல்போன் காலை எட்டரை மணிக்கு அணையும். மாலை ஐந்தரைக்குத்தான் மறுபடி உயிர் வரும். ஆனைக்குட்டத்திலிருந்து போகும் ஆபீஸ் வண்டி கேட்டில் நின்றதும், எல்லோருடைய போனையும் வாங்கி ஒரு மரப்பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிடுவார்கள். பட்டாசு ஆலையை எங்கள் பக்கத்தில் ஃபயர் ஆபீஸ் என்றுதான் சொல்வோம். மருந்து புழங்குகிற இடத்துக்குள் போன் போகக் கூடாது. அந்த விதியில் எனக்கு ஒரு குறையும் இல்லை. என் மனைவியின் உயிரைக் காக்கிற விதி அது. என் ஆதங்கமெல்லாம் அந்த ஒன்பது மணி நேரத்தைப் பற்றித்தான்.

நான் சென்னையில் தமிழ் இலக்கணத்தில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். இது நான்காம் ஆண்டு. திருவல்லிக்கேணியில் ஒரு மேன்ஷனில் கட்டிலும் ஒரு மேசையும் கொள்கிற அறை. மாதாமாதம் வர வேண்டிய உதவித்தொகை நான்கைந்து மாதத்துக்கு ஒருமுறை சேர்ந்து வரும். அதுவரை இந்த அறை வாடகை அவளுடைய சம்பளத்திலிருந்துதான் வருகிறது. அவள் பி.காம். படித்தவள், பேக்கிங் கணக்கு பார்க்கிறாள். கணக்கு அறைக்கும் மருந்து கலக்கும் அறைக்கும் இடையில் வெயில் காய்கிற வெற்றிடம் கொஞ்சம் உண்டு, அவ்வளவுதான். நான் உரையாசிரியர்களைப் படிப்பதற்காக அவள் அங்கே உட்கார்ந்திருக்கிறாள். இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு வரவில்லை.

பறக்கும் ரயிலில் தரமணிக்குப் போய் ரோஜா முத்தையா நூலகத்தில் உட்கார்ந்திருப்பேன். மதியம் இரண்டு மணி வாக்கில் போனில் ஒரு வரி வந்து விழும்: சிவகாசி அருகே பட்டாசு ஆலையில் வெடிவிபத்து. அதற்கு மேல் ஒன்றும் இருக்காது. எந்த ஊர் என்று போட மாட்டார்கள். 2012 செப்டம்பர் 5 அன்று வெடித்த முதலிப்பட்டி சிவகாசி அருகேதான். 2024 மே 9 அன்று வெடித்த செங்கமலப்பட்டியும் சிவகாசி அருகேதான். ஆனைக்குட்டமும் சிவகாசி அருகேதான். எத்தனை நூறு செட்டு, எத்தனை ஆயிரம் வீடு இந்த "அருகே" என்கிற ஒரு சொல்லுக்குள் கிடக்கிறது! தீயணைப்பு வண்டி ஊர்ப் பெயர் தெரியாமலா கிளம்புகிறது? அந்தப் பெயரைப் பத்து நிமிடம் முன்னால் எங்களுக்கும் சொன்னால் யாருக்கு என்ன குறைந்துவிடும்?

அவள் எண்ணுக்கு அடிப்பேன். அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்று ஒரு குரல் இரண்டு மொழியில் சொல்லும். அம்மா நூறு நாள் வேலைக்குப் போயிருப்பார். பக்கத்து வீட்டு அக்கா எடுத்து, "சத்தம் கேட்டுச்சு தம்பி, எங்கிட்டுன்னுதான் தெரியல" என்பார். கடைசியில் மைத்துனனைப் பிடிப்பேன். அவன் பைக்கை எடுத்துக்கொண்டு போய் அணைக்கரையில் ஏறி நின்று பார்த்துவிட்டுச் சொல்வான்: "மாமா, புகை தெக்கால தெரியுது. நம்ம பக்கம் இல்ல."

அர்ச்சுனா நதியின் அணைக்கரையில் ஒருவன் ஏறி நின்று புகை போகும் திசையைப் பார்த்துச் சொன்னால்தான், சென்னையில் இருக்கிற எனக்கு மூச்சு வர வேண்டியிருக்கிறது. ஆளுக்கு இரண்டு சிம் கார்டு வைத்திருக்கிற காலம் இது. அந்தத் தெற்குப் பக்கத்தில் இருப்பது யார் வீட்டுப் பெண் என்ற நினைப்பு எனக்கு அதற்கப்புறம்தான் வருகிறது. அந்த இடைவெளிக்காக நான் வெட்கப்படுகிறேன்.

என் ஆய்வு தொல்காப்பியத்தின் கற்பியல் உரைகளைப் பற்றியது. பிரிவுகளை வகை பிரிக்கும் தொல்காப்பியர் படிப்புக்காகப் பிரிவதற்கு ஓதல் பிரிவு என்று தனிப் பெயரே கொடுத்திருக்கிறார். அதற்குக் கெடுவும் வைத்திருக்கிறார்: மூன்று ஆண்டைத் தாண்டக் கூடாது. அரசன் வேலையாகப் போகிறவன் ஓராண்டுக்குள் திரும்ப வேண்டும். இந்த நூற்பாக்களை முதலில் படித்தபோது பரீட்சைக்காகப் படித்தேன். இப்போது வீட்டில் இருப்பவளின் பக்கம் நின்று ஒருவர் நாள் எண்ணியிருக்கிறார் என்று தெரிகிறது. 2022இல் பல்கலைக்கழக மானியக் குழு வெளியிட்ட விதியில் முனைவர் பட்டத்துக்குக் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 6 ஆண்டு. பழைய இலக்கணம் எந்த எண்ணில் நிறுத்தியதோ, அந்த எண்ணிலிருந்துதான் இன்று கணக்கே தொடங்குகிறது. கேட்டால், "படிப்புக்குத்தானே, பொறுத்துக்கோங்க" என்கிறார்கள். பொறுப்பது யார் என்று யாரும் கேட்பதில்லை.

நான் இருக்கும் இந்தத் திருவல்லிக்கேணியில்தான் கணித மேதை ராமானுஜனின் மனைவி ஜானகி அம்மாள் பல பத்தாண்டுகள் வாழ்ந்தார். 1914 மார்ச் 17 அன்று ராமானுஜன் சென்னையில் கப்பலேறியபோது ஜானகிக்கு 15 வயது நிறையவில்லை. 1919 மார்ச் கடைசியில்தான் அவர் பம்பாயில் வந்து இறங்கினார். ஐந்து ஆண்டு. போர்க்காலத்துக் கேம்பிரிட்ஜில் சைவச் சாப்பாட்டுக்குத் தானே சமைத்துக்கொண்டு, உடம்பு கெட்டு, ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக இருந்தார். இருவரும் எழுதிய கடிதங்களை மாமியார் கோமளத்தம்மாள் இடையில் மறித்துவிட்டார் என்று ராபர்ட் கனிகல் எழுதிய வரலாற்றில் இருக்கிறது. அவள் ஏன் எழுதவில்லை என்று அங்கே ஒருவர் நினைத்திருப்பார். அவர் ஏன் எழுதவில்லை என்று இங்கே ஒரு பெண் நினைத்திருப்பாள். திரும்பி வந்தவர் ஓராண்டு சொச்சம்தான் இருந்தார். 1920 ஏப்ரல் 26 அன்று போய்விட்டார். ஜானகி அம்மாள் தையல் வேலை செய்து பிழைத்து, 1994 வரை இருந்தார். ராமானுஜனின் கணக்குகளைப் பற்றி அலமாரி அலமாரியாகப் புத்தகம் இருக்கிறது. அந்த ஐந்து ஆண்டு இந்தப் பெண் எப்படி இருந்தாள் என்று தேடினால் சில பக்கங்களுக்கு மேல் கிடைப்பதில்லை. அவர்களுக்கு நடுவில் நின்றது ஒரு மனுஷி. எங்களுக்கு நடுவில் நிற்பது ஒரு மரப்பெட்டி. அதைத் திறக்கச் சொல்லவில்லை நான். கேட்டில் ஒரு வயர் போன் வையுங்கள், எடுத்துப் பதில் சொல்ல ஓர் ஆள் வையுங்கள், அந்த எண்ணை வேலைக்கு வருகிறவர்களின் வீட்டுக்குக் கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

ஐந்தரைக்கு மேல் எங்கள் குடும்பம் நடப்பது போனில்தான். வண்டி இரைச்சலுக்கு நடுவில் அவள் பேசுவாள். மேகம் கருத்ததால் மூன்று மணிக்கே வேலையை நிறுத்தியது, அணை ஷட்டர் இன்னும் ஒழுகுவது, அத்தைக்கு முட்டி வலி, எல்லாம் ஒரே மூச்சில் வரும். நான் ஒரு பாடபேதம் கிடைத்ததைச் சொல்வேன். புரிகிறதோ இல்லையோ, "அப்ப அடுத்த வருசம் முடிஞ்சிருமா?" என்பாள். தீபாவளி முடிந்து ஆபீஸ் பூட்டுகிற நாட்களில் பொதிகை ரயிலேறிப் போய் முழுசாகச் சேர்ந்திருப்போம். மற்றபடி இந்த அரை மணி நேரம்தான்.

புகை தெரிந்த அன்று நான் மதியமெல்லாம் பட்டதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை.

"எங்களுக்கும் சத்தம் கேட்டுச்சுங்க. கணக்க அப்படியே போட்டுட்டு எல்லாரும் வெளிய வந்து நின்னோம். ஒங்களுக்கு நியூஸ் வந்திருக்கும், பதறுவீகளேன்னுதான் எனக்கு. வாட்ச்மேன் அண்ணன்ட்ட ஒரு தடவ போனத் தாங்கன்னு கேட்டேன்."

"தரலையா?"

"அவுக போனும் அந்தப் பெட்டிக்குள்ளதான இருக்கு. சாவி மேனேஜர்ட்ட." பிறகு, "நீங்க மதியம் சாப்ட்டீகளா, இல்லையா?" என்றாள்.