செம்பியாவைக் காலி விட்டவர்கள்

டெல்லியின் கோல் மார்க்கெட்டுக்கு வட்டம் என்று பெயர் வைத்தவர்கள் கட்டடத்தை ஒருமுறை சுற்றி வந்து எண்ணிப் பார்க்கவில்லை. 1921இல் எழும்பிய அந்த 'வட்ட'த்துக்குப் பக்கங்கள் பன்னிரண்டு. அதற்குக் கூப்பிடு தூரத்தில், அரசு குவார்ட்டர்ஸ் ஒன்றின் கூடத்தில், போன ஞாயிறு நாற்பது நிமிடம் வாசிக்கப்பட்ட கட்டுரையும் அதே இனம். 'பகடை உருட்டி ஆடும் கற்பனை உலகங்களுக்கு நல்ல செட்டிங் புத்தகம் எது' என்பது தலைப்பு; உள்ளே இருந்ததோ 'என் 500 பக்க இந்திரப்பிரஸ்தத்தை ஆட ஏன் ஒருவரும் வரமாட்டேன் என்கிறீர்கள்' என்ற மனத்தாங்கல். மனத்தாங்கலுக்குச் சமோசா கொடுத்து ஆற்றினோம். வாதத்துக்குச் சமோசா போதாது.

கட்டுரை வாசித்த நண்பரின் முதல் பிரகடனம்: நல்ல செட்டிங் புத்தகம் என்றால் முழுமை, ஓர் ஊர், ஓர் அரசன், ஒரு வாய்க்கால் விடுபடக் கூடாது. சாட்சிக்கு அவர் அழைத்து வந்தது ஃபர்காட்டன் ரெல்ம்ஸ் என்ற ஆட்ட உலகத்தை. கூண்டில் ஏற்றும் முன் சாட்சியிடம் இரண்டு வார்த்தை பேசிப் பார்த்தாரா? 1987இல் அந்த உலகம் பெட்டியாக வெளிவந்தபோது, செம்பியா என்ற நாட்டை நாங்கள் நிரப்பப் போவதில்லை, ஆட்டம் நடத்துகிறவர் தம் இஷ்டம்போல் வைத்துக்கொள்ளட்டும் என்று ஒதுக்கிவிட்டார்கள். எட் கிரீன்வுட் சிறுவயதிலிருந்து கட்டிவந்த உலகம் அது. நிரப்ப விஷயமில்லாமலா விட்டார்கள்? செம்பியன் என்றால் சோழன் என்று கேள்விகூடப்படாதவர்களுக்குச் செம்பியாவைக் காலி விடத் தெரிந்திருக்கிறது. செம்பியன் மாதேவியைப் பற்றி அரைமணி நேரம் மூச்சுவிடாமல் பேசும் நம்மவருக்கு வரைபடத்தில் ஒரு முழம் தரிசைக் கண்டாலும் உடம்பு பதறுகிறது. அதற்கும் முன்னால், 1980இல், கேரி கைகாக்ஸின் கிரேஹாக் என்ற உலகம் வந்தது 32 பக்கங்களில். கூடவே ஒரு பெரிய வரைபடம், இரண்டு தாளாக. நாட்டுக்கு ஏறக்குறைய ஒரு பத்தி: ஆள்வது யார், படை எவ்வளவு, விளைவது என்ன. படையின் கணக்கைப் பார்த்ததும் பக்கத்து நாட்டின் கணக்கைத் தேடி விரல் போகிறதே, அந்த விரலில் ஆறு மாத ஆட்டம் இருக்கிறது. நண்பரின் புத்தகத்திலோ யமுனை பழைய நாளில் ஓடிய தடம் பற்றி ஒன்பது பக்கம். தோணி தள்ளுகிறவன் ஒருவன்கூட அதில் இல்லை.

அடுத்து டெகுமெல். 1975இல் வெளிவந்த 'எம்பயர் ஆஃப் தி பெட்டல் த்ரோன்' ஆட்டத்தின் உலகம், படைத்தவர் எம்.ஏ.ஆர். பார்க்கர், மினசோட்டா பல்கலைக்கழகத்தில் உருது கற்பித்த மொழியியலாளர். தம் உலகத்துக்கு இலக்கணத்தோடு ஒரு மொழியையே செய்து வைத்தவர். ஆகவே ஆழமே அழகு என்கிறார் நண்பர். சரி, அந்த ஆட்டம் தொடங்குவது எப்படி? ஆடுகிறவர்கள் ஜகால்லா துறைமுகத்தில், ஊர் வழக்கம் ஒன்றும் தெரியாத அந்நியர்களாகக் கப்பலிலிருந்து இறங்குகிறார்கள். பேராசிரியரின் மண்டைச் சுமையை வந்தவன் தலையில் ஏற்ற முடியாது என்று பேராசிரியருக்கே தெரிந்திருந்தது. அறியாமையையே நுழைவாயிலாக வைத்தார். நம்மவரின் நுழைவாயிலில் ஒரு பலகை: 'பின்னிணைப்பு மூன்றைப் படித்துவிட்டு வரவும்.'

இனி, அவர் கைவைத்திருக்கவே கூடாத இடம். நிலம், பொழுது, தெய்வம், உணவு, விலங்கு, மரம், புள், பறை, யாழ் என்று முன்னோர் ஒன்றுவிடாமல் எழுதி வைத்தார்கள், ஆகவே பட்டியல் போடுவதே தமிழ் மரபு என்றாரே, அது. (எல்லாம் தொல்காப்பியத்திலேயே இருக்கிறது என்று தொடங்குகிறவர்கள் அதைத் திறந்து பார்ப்பதில்லை என்பது என் நெடுநாள் அனுபவம்.) முதல், கரு, உரி என்ற மூன்றும் ஒன்றைவிட ஒன்று சிறந்தது, உரிப்பொருளே தலையானது என்பதும் அதே நூலில்தானே இருக்கிறது? இந்த நிலத்தில், இந்தப் பொழுதில், மனிதருக்கு என்ன நேரும் என்பதே சங்கதி. தினையும் கிளியும் அதற்குக் கைகட்டி நிற்கும் பரிவாரம். குறிஞ்சி என்றால் கூடல், பாலை என்றால் பிரிவு: நிலத்தின் பெயரைச் சொன்ன மாத்திரத்தில் நிகழ்ச்சி கருக்கொண்டுவிடுகிறது. அதோடு, அகத்திணை மாந்தரை இயற்பெயர் சுட்டிச் சொல்லக் கூடாது என்றும் விதி. தலைவன், தலைவி, தோழி, செவிலி என்று நாலு நாற்காலியைப் போட்டுவிட்டு, யார் வேண்டுமானாலும் உட்காருங்கள் என்று விலகி நின்ற மரபு அது. நூற்றுக்கணக்கான புலவர்கள் வந்து உட்கார்ந்து, ஒருவர் ஆடியதை இன்னொருவர் ஆடாமல் ஆடிவிட்டுப் போனார்கள். பெயரே வேண்டாம் என்ற அந்த மரபைச் சாட்சிக்கு இழுப்பவர் யார்? 412 அரசர்களுக்குப் பெயரும் பட்டமும் பட்டத்தரசியும் சூட்டிவிட்டு, ஆடுகிறவனுக்கு ஒரு முக்காலியும் மிச்சம் வைக்காதவர். நுணல் தன் வாயால் கெடுவதை நேரில் காணும் பாக்கியம் எல்லோருக்கும் வாய்க்காது.

வெள்ளைக்காரன் நம் ராட்சசனைக் கேவலப்படுத்தினான் என்ற நண்பரின் கோபத்தில் எனக்கும் பங்குண்டு. 1977இன் 'மான்ஸ்டர் மேனுவல்' என்ற ஆட்டப் புத்தகத்தில் மந்திரித்த குறுக்குவில் அம்பு பட்டால் ராட்சசன் காலி. அது ஒரு அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரிலிருந்து வந்த சரக்கு. 1980இல் கார்த்திகேயனுக்கே இத்தனை அடி தாங்குவான் என்று எண் போட்டார்கள். ஆனால் நண்பரே, உங்கள் 212ஆம் பக்கத்தில் மகிஷாசுரனுக்கு 380 புள்ளி போட்டிருக்கிறீர்களே, அது எந்த ஆகமப்படி? அந்த அமெரிக்க ராட்சசனுக்காவது ஏமாற்றத் தெரியும், நம்பினவர் முகத்தோடு வந்து நிற்கத் தெரியும். உங்கள் ராட்சசனுக்குப் புலஸ்தியரிலிருந்து வம்சாவளி இருக்கிறது, ஆசை என்று ஒன்றுகூட இல்லை.

கடைசியாக, அவருடைய முதல் அத்தியாயம். ஆட்டம் தொடங்குவது இதே கோல் மார்க்கெட்டில். தலைநகர் கல்கத்தாவிலிருந்து பெயர்ந்த வரலாறு உண்டு, தூண்களின் அளவு உண்டு. ஆனால் அந்தக் கட்டடம் இன்று எப்படி இருக்கிறது? கடைகளைக் காலி செய்தாயிற்று, அருங்காட்சியகம் வருமென்று சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள், சுற்றிலும் போக்குவரத்து சுழல்கிறது. கூட்டத்துக்கு அப்பாவோடு வந்திருந்த எட்டாம் வகுப்புப் பையன், பன்னிரண்டு பக்கப் பகடையைக் கையில் உருட்டியபடி கேட்டான்: "அங்கிள், உள்ளே யாரு இருக்காங்க? சாவி யார்கிட்ட இருக்கு?" கட்டுரை முழுவதிலும் இல்லாத செட்டிங் அறிவு அந்த இரண்டு கேள்வியில் இருந்தது. நண்பர் சொன்ன பதில்: "அது கதைக்குத் தேவையில்லைப்பா."

கதைக்கா? எந்தக் கதைக்கு? ஆடுகிறவர்கள் உருவாக்கப் போவதல்லவா கதை? அகப்பட்டுக்கொண்டார். அந்த 500 பக்கமும் பதிப்பாளர் கிடைக்காத ஒரு நாவல். அத்தியாயங்களுக்கு அகராதி வேஷம் போட்டிருக்கிறார், வாசகர்களுக்குப் பதில் பகடையும் கையுமாக நாலு கைதிகளைத் தேடுகிறார். நாவலை நாவலாகவே கொண்டு வாருங்கள், ஐயா. காசு கொடுத்து வாங்குகிறேன், படித்துவிட்டுத் தனியாகத் திட்டுகிறேன். அந்தச் சாவியை மட்டும் பையனிடம் கொடுத்துவிடுங்கள்.