குளத்துக்கு ஒரு நியாயம், உடலுக்கு ஒரு நியாயமா?

கட்டுக்கரைக் குளத்தின் கீழ் வயல் செய்யும் கமக்காரர் எவரும், துருசு அடைபட்டிருப்பதைக் கண்டும் காணாதவர்போல் வீடு திரும்பமாட்டார். வாய்க்கால் தூர்ந்தால் வெட்டுவார்; அணைக்கட்டில் பாரம் ஏறினால் இரவென்றும் பாராது ஊரைக் கூட்டுவார். அந்த மனிதரே, ஐம்பதோ அறுபதோ கடந்தபின் தம் உடலின் நீர்வழி அடைபடத் தொடங்கும்போது மட்டும் வாய் திறவாதிருப்பது ஏன்? இரவில் நான்கு முறை, ஐந்து முறை எழுந்து நெடுநேரம் நிற்பார். மனைவி கேட்டால் "வயதுதானே" என்பார். மகன் கேட்டால் அதுவும் சொல்லார். மன்னார்ப் பட்டினத்தில் உத்தியோகம் பார்க்கும் கனவான்களின் நிலையும் இதனினும் மேலானதன்று. இம்மௌனத்தைக் குறித்தே இவ்வாரம் எழுதத் துணிந்தோம்.

புரொஸ்ரேட் என்னும் சுரப்பி ஆண்களுக்கு மட்டும் உரியது. சிறுநீர்ப்பைக்குக் கீழே சிறுநீர்க் குழாயைச் சூழ அமைந்தது. வயது ஏற ஏற அது பருக்கும். 50க்கும் 60க்கும் இடைப்பட்ட ஆண்களில் ஏறத்தாழப் பாதிப் பேரிடமும், 80ஐக் கடந்தவர்களில் நூற்றுக்கு 90 பேர்வரையிலும் இவ்வீக்கம் காணப்படுகிறது. இது புற்றுநோயன்று, புற்றுநோயாக மாறுவதுமன்று. எனினும் இரண்டும் ஒருவரிடமே இருத்தல் கூடும். ஆதலால் வைத்தியர் விரலால் சோதிப்பதையும், குருதிச் சோதனை செய்விப்பதையும் இழிவெனக் கருதுவது அறியாமை.

இந்நோய் பதவியையும் பட்டத்தையும் பார்ப்பதில்லை. 1963 ஒக்ரோபரில் பிரித்தானியப் பிரதமர் மக்மில்லன் இதனால் திடீரெனப் படுக்கையில் வீழ்ந்தார்; சத்திரசிகிச்சை நடந்தது; அம்மாதமே பதவியைத் துறந்தார். அவருக்கிருந்தது புற்றுநோயன்று. அதன்பின் 23 ஆண்டுகள் வாழ்ந்து, 92ஆம் வயதில் 1986இல் மறைந்தார். பிரான்சின் அதிபர் டி கோல் 1964 ஏப்ரலில் இதே சிகிச்சையைப் பெற்றார்; மறு ஆண்டு தேர்தலில் நின்று வென்றார். ஆனால், சிகிச்சை முடியும்வரை அவர் நாட்டு மக்களுக்கு அது தெரிவிக்கப்படவில்லை. 60 ஆண்டுகள் கழிந்து, 2024 ஜனவரியில் மூன்றாம் சாள்ஸ் மன்னருக்குச் சிகிச்சை நடக்குமுன்னரே செய்தி வெளியிடப்பட்டது. ஏனைய ஆண்களும் தம்மைச் சோதித்துக்கொள்ளட்டும் என்பதே அதன் நோக்கம். மன்னர் சொல்லக் கூசாததை மன்னார் மக்கள் சொல்லக் கூசுவானேன்?

இனி, கத்தி வைப்பதா, வேண்டாமா என்னும் கேள்விக்கு வருவோம். எல்லோருக்கும் சத்திரசிகிச்சை வேண்டியதில்லை என்பதை முதலிலேயே அழுத்திக் கூறுகிறோம். தொல்லையை அளக்க வைத்தியர்கள் ஏழு கேள்விகள் கேட்பர். மொத்தப் புள்ளி 35. ஏழுக்கு உட்பட்டால் சிறிது. 19 வரை நடுத்தரம். அதற்கு மேல் கடுமை. சிறிதாயின் மாலைக்குப்பின் தேநீரைக் குறைத்துக் காத்திருக்கலாம். நடுத்தரமாயின் மாத்திரைகள் உண்டு. தம்சுலோசின் போன்றவை சில நாட்களிலேயே வழியைத் தளர்த்தும். பினஸ்ரறைட் சுரப்பியையே சுருக்கும், ஆனால் பயன்தர ஆறு மாதமளவு செல்லும். பணமிருக்கிறதென்று இப்படிகளைத் தாண்டி ஓடுவதும் பிழை. பணமில்லையென்று கடைசிப்படி வந்தும் நிற்பதும் பிழை.

எப்போது தாமதிக்கலாகாது? சிறுநீர் முற்றாக அடைபட்டு வயிறு வீங்கினால் அன்றே, அந்த நாழிகையே வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும். விடியட்டும் என்று இருத்தலாகாது. குழாயை எடுத்தபின் மீண்டும் அடைபடுதல், திரும்பத் திரும்பக் கிருமி தொற்றுதல், பையில் கல் சேர்தல், குருதி போதல், சிறுநீரகம் பழுதுறத் தொடங்குதல் ஆகியவை சத்திரசிகிச்சையை வேண்டி நிற்கும் அறிகுறிகள். கீழே அடைபட்ட நீர் மேலே அழுத்தும். துருசு திறவாவிடில் அணைக்கட்டே உடையும் என்பதைக் கமக்காரருக்கு நாம் கற்பிக்க வேண்டுமா? இரவில் எழவேண்டுமே என்று அஞ்சிப் பகல் வெயிலில் தண்ணீர் குடியாது வயலில் நிற்போர் பலர். சிறுநீரக நோய் வவுனியாவரை பரவியுள்ள வரண்ட வலயத்தில் இது தற்கேடு. பகலில் வேண்டிய அளவு குடித்து, படுக்கைக்கு முன் குறைப்பதே முறை.

சத்திரசிகிச்சையிலும் நன்மையே உண்டு, நட்டமில்லை என்று சொல்லோம். பெரும்பாலும் வயிற்றைக் கீறாது, சிறுநீர்வழியாகவே கருவியைச் செலுத்தி, வாய்க்காலைத் தூர்வாருவதுபோல் சுரப்பியைச் செதுக்கி எடுப்பர். சில நாட்களில் வீடு திரும்பலாம். ஆயினும் மாதத்துக்கு மேல் நெல் மூட்டை தூக்கலாகாது. அதன்பின் பெரும்பாலானோருக்கு விந்து வெளிவராது பைக்குள் திரும்பும். உடலுக்குத் தீங்கில்லையெனினும் முன்னரே அறிந்திருத்தல் வேண்டும். ஆண்மை குன்றுதலும், நீர் கசிதலும் சிலருக்கே நேரும். சில ஆண்டுகளின்பின் மறுமுறை செதுக்க வேண்டியோரும் உளர். அவசரமில்லாதவர் காலபோக அறுவடை முடிந்தபின் நாள் குறிக்கலாம். அதற்கு வைத்தியரின் சம்மதம் வேண்டும்.

இவற்றையெல்லாம் நோயாளிக்கு விளக்கவேண்டியது யார் கடன்? 1987இன் 13ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. அவ்வுரிமை பெயர்ப்பலகையோடு முடிவதன்று. தன் உடலில் நடக்கவிருப்பதையும், நடவாவிடின் விளைவதையும் ஒருவன் தன் மொழியில் கேட்டறிந்து, விளங்கிய பின்பே கையொப்பமிட வேண்டும். வடமாகாண சுகாதாரத் துறையிடம் நாம் வேண்டுவன மூன்று: நீரிழிவுக்கும் குருதியழுத்தத்துக்கும் கிளினிக் வரும் 50 வயது கடந்த ஆண்கள் எல்லோரிடமும் அந்த ஏழு கேள்விகளையும் தமிழிற் கேட்பது, சம்மதப் பத்திரத்தைத் தமிழில் விளக்கிய பின்பே கையொப்பம் பெறுவது, யாழ்ப்பாணம் வரை பயணிக்க இயலாத ஏழைக் கமக்காரருக்காகச் சிறுநீரியல் நிபுணரின் கிளினிக்கை முருங்கன் போன்ற இடங்களிலும் ஒழுங்காக நடத்துவது. அரசாங்க வைத்தியசாலையிற் சிகிச்சைக்குக் கட்டணமில்லை என்பது மெய். ஆனால் பேருந்துக்கும், துணைக்கு வருபவரின் நாட்கூலிக்கும் யார் கொடுப்பது?

அரசு செய்யவேண்டியதை அரசு செய்யட்டும். நாம் செய்யவேண்டியது ஒன்றுண்டு. விதைப்புக்கு முன் கூட்டம் கூடி, எத்தனை ஏக்கருக்கு எப்போது நீர் என்று பேசி முடிவெடுக்கும் மக்கள் நாம். அவ்வாறே இதையும் வீட்டில் மனைவியோடு, மக்களோடு, பின் வைத்தியரோடு பேசுவோம். சத்திரசிகிச்சை செய்வதும் முடிவே. செய்யாது காத்திருப்பதும் முடிவே. வெட்கத்தால் வாய்மூடிக் கிடப்பது மட்டும் முடிவாகாது, அது அழிவு.